ஆடியோஃபைல் துணைப்பொருட்கள்: எது வேலை செய்யும், எது வெறும் பேச்சு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பீக்கர், ஆம்ப், பாட்டு வருவதற்கு ஒரு பெட்டி. வீட்டு ஸ்டீரியோவுக்கு வேண்டியது இவ்வளவுதான். ஆனால் இவற்றைச் சுற்றி, ஒலித் துல்லியத்தில் மோகம் கொண்ட ‘ஆடியோஃபைல்’களுக்காக இன்னொரு சந்தையே நடக்கிறது: கை மொத்த பவர் கார்டு, ஒயரைத் தரையில் படாமல் தூக்கி வைக்கும் பீங்கான் கட்டை, தங்க முனை ஃபியூஸ், மரத்தில் கடைந்த வால்யூம் குமிழ். சில உண்மையிலேயே உதவும். பலவற்றுக்கு விற்பவர் சொல்லைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

புது கேபிள் போட்டதும் பாட்டு பளிச்சென்று கேட்டது. என் காது பொய் சொல்கிறதா?

காது சொன்னது மெய்யாகவே இருக்கலாம். காரணம் கேபிள்தானா என்பதுதான் கேள்வி. பழையதைப் பிடுங்கிப் புதியதைச் செருகும் அந்த இரண்டு நிமிடத்தில் கேபிள் மட்டும் மாறுவதில்லை.

முதலில் இணைப்பு. ஆம்புக்குப் பின்னால் ஐந்தாறு வருடம் அசையாமல் கிடந்த ஆர்சிஏ பிளக் கறுத்திருக்கும்; கடலோர ஊரென்றால் பச்சை பூத்திருக்கும். பிடுங்கிச் செருகும்போதே அந்தப் படிவு உரசிப் போய்விடும். எனவே பழைய கேபிளுக்கும் ஒரு வாய்ப்பு கொடுங்கள். ஆம்பை அணைத்து, பிளக்கைக் கழற்றி, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, ஜாக்கில் நாலைந்து தரம் திருகிச் செருகுங்கள். புது கேபிளின் தெளிவு என்று நினைத்தது பல சமயம் இதிலேயே வந்துவிடும்.

அடுத்தது ஒலி அளவு. இரண்டில் ஒன்று அரை டெசிபெல் கூடினால் ‘சத்தம் கூட’ என்று தோன்றாது, ‘தெளிவு கூட’ என்றுதான் தோன்றும். குமிழ் ஒரு நூல் நகர்ந்தாலே போதும்.

தலையும் நகர்ந்திருக்கும். 3 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 11 செ.மீ. எழுந்து போய் ஒயர் மாற்றிவிட்டு வந்து உட்காரும்போது தலை ஒரு சாண் தள்ளியிருந்தால், சுவரில் பட்டு வரும் ஒலியும் நேராக வரும் ஒலியும் காதருகே வேறு விதமாகக் கூடும், கழியும். இந்த வித்தியாசத்தை மைக் வைத்து அளக்கலாம். எந்தக் கேபிளும் இவ்வளவு மாற்றம் தராது.

கடைசியாக எதிர்பார்ப்பு. 1994இல் ஒலிக் கருவிகள் தயாரிக்கும் ஹர்மன் நிறுவனத்தில் ஆய்வாளர்கள் ஃப்ளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 40 பேரை வைத்துச் சோதித்தார்கள். அத்தனை பேரும் அந்த நிறுவன ஊழியர்கள். கேட்டுப் பழகியவர்களும் இருந்தார்கள், பழகாதவர்களும் இருந்தார்கள். அதே ஸ்பீக்கர்களை ஒரு முறை கண்ணால் பார்த்துக்கொண்டும், ஒரு முறை திரைக்குப் பின்னால் வைத்தும் மதிப்பிட்டார்கள். பார்த்துக் கேட்டபோது பெரிதும் விலை கூடியதும் மேலே ஏறின. திரை விழுந்ததும் அந்த இடைவெளி சுருங்கியது. ஸ்பீக்கரின் இடத்தை மாற்றியபோது வந்த ஒலி வித்தியாசம்கூட, பார்த்துக் கேட்டபோது அவ்வளவாக உறைக்கவில்லை. ஸ்பீக்கருக்கே இப்படி என்றால் கேபிள் எந்த மூலைக்கு?

அப்படியானால் ஸ்பீக்கர் ஒயர் எதுவாக இருந்தாலும் ஒன்றுதானா?

இல்லை. தடிமன் முக்கியம். ஸ்பீக்கர் 5 மீட்டர் தூரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். போக வர 10 மீட்டர் செம்பு. 0.5 ச.மி.மீ. ஒயரில் அதன் தடை சுமார் 0.39 ஓம். 1.5இல் 0.13. கடையில் ‘ரெண்டரை எம்எம்’ என்று கேட்டு வாங்கும் 2.5 ச.மி.மீ. ஒயரில் வெறும் 0.08.

8 ஓம் என்று எழுதிய ஸ்பீக்கர் எல்லா ஸ்வரத்திலும் 8 ஓமாக இருப்பதில்லை. ஓரிடத்தில் 4க்கு இறங்கும், இன்னோரிடத்தில் 20ஐத் தொடும். 0.5 ஒயரில் 4 ஓம் வரும் இடத்தில் 0.8 டெசிபெல் குறையும், 20 ஓம் வரும் இடத்தில் 0.17தான் குறையும். ஆக ஒலியின் நிறமே 0.6 டெசிபெல் மாறுகிறது. கூர்ந்து கேட்டால் இது பிடிபடும். 2.5 ஒயரில் அதே இடைவெளி 0.14. அதற்கு மேல் காசு செலவழித்தால் இந்த 0.14ஐத்தான் குறைக்கிறீர்கள்.

99.9999 சதவீதச் செம்பு என்று விற்பதற்கும் நல்ல வீட்டு ஒயர்ச் செம்புக்கும் தடையில் வித்தியாசம் ஒரு சதவீத அளவுதான். சாதாரண ஒயரில் 5 செ.மீ. வெட்டி எறிந்தால் அதே லாபம் கிடைக்கும்.

உஷாராக இருக்க வேண்டியது வேறு இடத்தில். மலிவு ‘ஸ்பீக்கர் ஒயர்’ பலவும் அலுமினியத்துக்கு மேல் செம்புப் பூச்சு. தடை ஒன்றரை மடங்குக்கும் மேல் போகும், வளைத்தால் முறியும். ஒரு இழையைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஒயர் முனைக்கு ஈயம் வைத்துத் திருகு முனையில் முடுக்காதீர்கள். ஈயம் அழுத்தத்தில் மெல்லப் பிதுங்கி, ஆறு மாதத்தில் திருகு தளர்ந்துவிடும். வெற்று இழைகளை முறுக்கி முடுக்குங்கள், அல்லது பனானா பிளக் போடுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒற்றை இழை பக்கத்து முனையைத் தொட்டால் ஆம்பின் அவுட்புட் போய்விடும்.

‘ஸ்கின் எஃபெக்ட்’ என்கிறார்கள். கேபிளில் அம்புக்குறியும் போட்டிருக்கிறதே?

ஸ்கின் எஃபெக்ட் உண்டு. அதிர்வெண் கூடக் கூட மின்னோட்டம் கம்பியின் வெளித்தோலுக்கு ஒதுங்கும். செம்பில் 20 கிலோஹெர்ட்ஸில் அந்தத் தோலின் ஆழம் சுமார் 0.47 மி.மீ. 2.5 ஒயரின் ஆரமே 0.9 மி.மீ. அளவுதான். காதுக்கு எட்டும் எல்லையில் விளைவு மிகச் சொற்பம்.

அம்புக்கு ஒரே ஒரு நியாயமான அர்த்தம் உண்டு. சில இன்டர்கனெக்ட் (கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும்) கேபிள்களில் மேலுறையை ஒரு முனையில் மட்டும் இணைத்திருப்பார்கள். எந்த முனை என்று காட்ட அம்பு போடுவார்கள். செம்புக்குள் மின்சாரம் ஒரு பக்கமாகச் சுகமாக ஓடும் என்பதற்காக அல்ல. பாட்டு மாறுதிசை மின்சாரம், ஒவ்வொரு அலைக்கும் போய்த் திரும்பி வரும்.

பவர் கார்டு, ஆடியோ ஃபியூஸ்?

மின்சாரம் கம்பத்திலிருந்து அலுமினியக் கம்பியில் வந்து, மீட்டர் தாண்டி, சுவருக்குள் சாதாரணச் செம்பில் ஓடி வருகிறது. கடைசி ஒன்றரை மீட்டர் மட்டும் வெள்ளி என்றால் அது எதைத் திருத்தும்? ஆம்புக்குள் போனதும் டிரான்ஸ்ஃபார்மர், டயோடு, கெப்பாசிட்டர் எல்லாம் தாண்டி டிசியாக (ஒரே திசை மின்சாரமாக) மாறிய பிறகுதான் அது பாட்டுக்கு உதவுகிறது. ஜப்பானில் சில ரசிகர்கள் தங்கள் ஸ்டீரியோவுக்காகவே வீட்டு வாசலில் சொந்த மின்கம்பமும் டிரான்ஸ்ஃபார்மரும் நட்டிருக்கிறார்கள். வெறும் கார்டோடு நின்றவர்களைவிட அவர்களிடம் தர்க்கம் இருக்கிறது.

ஃபியூஸுக்குத் ‘திசை’ கிடையாது. நம் மின்சாரம் நொடிக்கு 100 தடவை திசை மாறுகிறது. ஃபியூஸ் மாற்றினால் 5×20 மி.மீ. அளவு, ஆம்பியர், டி அல்லது எஃப் என்ற எழுத்து மூன்றும் பழையதைப் போலவே இருக்க வேண்டும். டி என்றால் மெதுவாக உருகுவது. அந்த இடத்தில் எஃப் போட்டால் ஆம்பை ஆன் செய்யும்போதெல்லாம் போகும். அதற்குப் பயந்து கூடுதல் ஆம்பியர் போட்டால் ஒருநாள் டிரான்ஸ்ஃபார்மர் போகும்.

உதவக்கூடியவையும் இருக்கின்றன. தளர்ந்த சாக்கெட்டை மாற்றுங்கள்; பிளக் ஆடினால் படபடவென்று கேட்கும், சூடும் ஏறும். வோல்டேஜ் ஏறி இறங்கும் ஊரில் நல்ல ஸ்டெபிலைசர் வையுங்கள். சதுர அலை இன்வெர்ட்டரில் டிரான்ஸ்ஃபார்மர் உறுமும், அதற்குத் தீர்வு சைன் அலை இன்வெர்ட்டர். ஸ்பீக்கரில் இல்லாமல் ஆம்பின் உடம்பிலிருந்தே ‘ம்ம்’ என்று வந்தால், லைனில் கொஞ்சம் டிசி கலந்து வட்ட டிரான்ஸ்ஃபார்மரை அதிரவைக்கிறது என்று சந்தேகிக்கலாம். டிசி பிளாக்கர் என்ற சின்னப் பெட்டி அதை நிறுத்தும். அபூர்வமாக, சொன்னபடி வேலை செய்யும் துணைப்பொருள்.

ஸ்பீக்கரில் ஓயாத ‘ஹம்’. விலை உயர்ந்த கேபிள் போட்டால் போகுமா?

பெரும்பாலும் போகாது. இது எர்த் வழியாக வரும் தொல்லை. ஆம்பில் ஒவ்வொரு கேபிளாகக் கழற்றுங்கள். எல்லாம் கழன்ற பின்னும் இருந்தால் ஆம்புக்குள்ளேயே கோளாறு. 100 ஹெர்ட்ஸ் கரகரப்பாக இருந்தால் பெரும்பாலும் கெப்பாசிட்டர் வற்றியிருக்கும். ஏதோ ஒன்றைக் கழற்றியதும் நின்றால் அதுதான் குற்றவாளி. அடிக்கடி மாட்டுவது செட்டாப் பாக்ஸ். கேபிள் டிவிக்காரரின் ஒயர் தெருவிலிருந்து தன்னுடைய எர்த்தைக் கூட்டி வருகிறது. அதன் வழியில் ஒரு கோஆக்ஸ் ஐசோலேட்டர் போதும். லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றால் ஆடியோ லைனில் 1:1 ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர், அல்லது ஆப்டிகல் இணைப்பு.

எர்த் பின்னை வெட்டவோ விட்டுவிடவோ கூடாது. ஹம் நிற்கும், ஆம்பின் உடம்பில் 230 வோல்ட் ஏறவும் வழி திறக்கும். எலக்ட்ரீஷியனை அழைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே அளக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் முதல் செலவு அங்கேதான்.

சிடி ஓரத்தில் பச்சை மை, ஆடியோ ஈதர்நெட் கேபிள், வெள்ளி யூஎஸ்பி?

பச்சை மை 1990 வாக்கில் பரவிய மோகம். சிதறும் லேசர் ஒளியை மை உறிஞ்சும் என்றார்கள். சிடி லேசர் 780 நானோமீட்டர், அகச்சிவப்பு. கண்ணுக்குப் பச்சையாகத் தெரிவது அதற்கு எப்படித் தெரியும் என்று சொல்லவே முடியாது. வாதம் வேண்டாம், வீட்டிலேயே பார்த்துவிடலாம். எக்ஸாக்ட் ஆடியோ காப்பி மென்பொருளில் சிடியைப் பிரதி எடுங்கள், மை பூசுங்கள், மறுபடி எடுங்கள். இரண்டின் செக்சம் எண்ணும் (கோப்பின் கைரேகை போன்றது) ஒன்றாகவே இருக்கும். ஒரு பிட் கூட மாறவில்லை.

ஈதர்நெட்டுக்கு இன்னும் எளிய சோதனை. பாட்டு ஓடும்போது கேபிளைப் பிடுங்குங்கள். சில நொடிகள் பாட்டு தொடர்ந்து ஓடும். நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தது ஸ்ட்ரீமரின் (நெட்வொர்க்கில் வரும் பாட்டை ஓட்டும் பெட்டியின்) நினைவகத்தில் ஏற்கெனவே வந்து சேர்ந்ததைத்தான். கேபிளே இல்லாதபோது பாடும் பாட்டுக்குக் கேபிளின் குணம் எங்கிருந்து வரும்? வம்பு வந்தால் எதிர்ப்பக்கமாக வரும்: உலோக உறை போட்ட விலை உயர்ந்த கேபிள் ரூட்டரின் உடம்பையும் ஸ்ட்ரீமரின் உடம்பையும் இணைத்து ஹம் உண்டாக்கலாம். உறையில்லாத சாதாரண கேபிளே நல்லது.

யூஎஸ்பியில் ஒரு உண்மையான தொல்லை உண்டு. மவுஸை நகர்த்தினால் ஸ்பீக்கரில் ‘கிர்ர்’ என்று கேட்பது. கணினியின் எர்த் இரைச்சல் அது. ஐசோலேட்டர் தீர்க்கும், வெள்ளி தீர்க்காது.

கேபிள் உண்மையிலேயே ஒலியை மாற்றும் இடம் ஒன்றுகூட இல்லையா?

இருக்கிறது: ரெக்கார்டு பிளேயர். மூவிங் மேக்னெட் கார்ட்ரிட்ஜுக்குள் (ஊசி பொருந்திய முனைக்குள்) இருக்கும் சுருளும், டோனார்ம் (ஊசியைத் தாங்கும் கை) ஒயர், கேபிள், ஃபோனோ பெட்டி (ரெக்கார்டின் மெல்லிய சிக்னலைப் பெருக்குவது) மூன்றின் கெப்பாசிட்டன்ஸும் சேர்ந்து ஒரு அதிர்வுச் சுற்று ஆகின்றன. 500 மில்லிஹென்றி சுருளுக்கு மொத்தம் 250 பிக்கோஃபேரட் இருந்தால் அதிர்வு சுமார் 14 கிலோஹெர்ட்ஸில். நீளமான ‘பிரீமியம்’ கேபிள் போட்டு அது 450 ஆனால் 10.6க்கு இறங்கிவிடும். சிம்பலும் ‘ஸ’ ஒலியும் கூர்மையாகக் குத்தும். அதற்கு மேலே எல்லாம் மங்கும். இது கற்பனை இல்லை, கணக்கு. கார்ட்ரிட்ஜ் தயாரிப்பாளர் சொல்லும் எண்ணைப் பாருங்கள், பலவற்றுக்கு 100 முதல் 200. மல்டிமீட்டரின் கெப்பாசிட்டன்ஸ் அளவையில் கேபிளை அளந்து, நீளம் குறைந்ததை எடுங்கள். இங்கே பெரும்பாலும் மலிவானது ஜெயிக்கும்.

ரெக்கார்டுக்கு வேறு நல்ல துணைப்பொருட்களும் உண்டு: 0.01 கிராம் காட்டும் ஊசித் தராசு, கார்பன் ஃபைபர் பிரஷ், கோணம் சரிபார்க்கும் தகடு. கழுவும் நீரில் ஒரு எச்சரிக்கை. வினைலுக்குக் காய்ச்சி வடித்த நீரில் கொஞ்சம் ஐசோபுரோபைல் கலக்கலாம். தாத்தா காலத்து 78 சுற்று இசைத்தட்டில் ஒரு துளிகூட வேண்டாம். அது அரக்கு, ஆல்கஹாலில் கரைந்துவிடும்.

கூர் ஸ்பைக், அதிர்வு தாங்கும் பாதம், கல் மேடை?

ரெக்கார்டு பிளேயருக்கு நிச்சயம் உதவும். ஊசி என்பதே அதிர்வை அளக்கும் கருவி. பள்ளத்தின் அதிர்வா, அலமாரியின் அதிர்வா என்று அதற்குத் தெரியாது. சோதித்துப் பாருங்கள்: சுழலாத ரெக்கார்டில் ஊசியை வைத்து, வால்யூமைக் குறைவிலிருந்து மெல்ல ஏற்றி, அலமாரியை விரல் கணுவால் தட்டுங்கள். ஸ்பீக்கரில் ‘தொம்’ என்று கேட்கிறதா? பிளேயருக்குக் கீழே ஒரு கடப்பா கல், 18 அங்குலத்துக்கு 15, கனம் ஒன்றரை அங்குலம் (சுமார் 18 கிலோ வரும், அலமாரி தாங்குமா பாருங்கள்). கல்லுக்குக் கீழே நான்கு ஸ்குவாஷ் பந்து, உருளாமல் இருக்க பாட்டில் மூடிக்குள். மறுபடி தட்டுங்கள். குறைந்திருந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம், நம்பிக்கை தேவையில்லை.

வால்வ் ஆம்புக்கும் கொஞ்சம் பொருந்தும், வால்வைத் தட்டினால் மணி போல ஒலிக்கும். டிரான்சிஸ்டர் ஆம்ப், டிஏசி (டிஜிட்டலை ஒலி சிக்னலாக மாற்றும் பெட்டி), பவர் கார்டு ஆகியவற்றுக்குக் கீழே வைக்கும் எதுவும் அலங்காரம். ஸ்பைக்கை டைல்ஸ் தரையில் வைப்பதென்றால் அடியில் ஒரு நாணயம் வையுங்கள், தரையாவது பிழைக்கும்.

புது கேபிளை 200 மணி நேரம் ஓட்டிய பிறகே ‘திறக்கும்’ என்கிறார் கடைக்காரர்.

ஸ்பீக்கரின் தொங்கல் பாகம் கொஞ்சம் இளகும். அளந்தால் தெரியும், பெரும்பகுதி முதல் சில மணி நேரத்திலேயே முடிந்துவிடும். செம்பு இளகாது. 200 மணி நேரத்தில் இளகுவது கேட்பவரின் காது, பழகிப்போகும். திருப்பித் தரும் கெடு 30 நாள் என்றால், ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம் கேட்டால்தான் கெடுவுக்குள் 200ஐத் தாண்டுவீர்கள். கணக்கு போட்டுக்கொள்ளுங்கள்.

நானே வீட்டில் கண்ணை மறைத்துச் சோதிப்பது எப்படி?

இருவர் வேண்டும், ஒரு போர்வை, ஒரு மல்டிமீட்டர், ஒரு நாணயம்.

1. இரண்டு கேபிளின் முனைகளையும் துடைத்துவிடுங்கள். ஆம்பின் பின்பக்கத்தைப் போர்வையால் மறையுங்கள்.
2. 400 ஹெர்ட்ஸ் ஒற்றை ஒலியை ஓட்டி, ஸ்பீக்கர் முனையில் ஏசி வோல்டேஜ் அளங்கள். மலிவு மீட்டர் பல 1 கிலோஹெர்ட்ஸில் தப்பாகக் காட்டும், அதனால்தான் 400. ஒன்றில் 2.00 வோல்ட் என்றால் மற்றதில் 1.98க்கும் 2.02க்கும் நடுவே இருக்க வேண்டும். அது 0.1 டெசிபெல்.
3. உதவியாளர் நாணயம் சுண்டுவார்: பூ என்றால் ஒன்று, தலை என்றால் மற்றது. ஆம்பை அணைத்தே மாற்ற வேண்டும். மாற்றாத சுற்றிலும் பிடுங்கிச் செருக வேண்டும், இல்லையென்றால் நேரமே காட்டிக்கொடுக்கும். மாற்றியதும் அறையை விட்டுப் போய்விட வேண்டும், முகமும் காட்டிக்கொடுக்கும்.
4. 16 சுற்று. இடையில் விடை சொல்லக்கூடாது. 12 சரி என்றால் வெறும் அதிர்ஷ்டத்தால் வரும் வாய்ப்பு 3.8 சதவீதம், கவனிக்க வேண்டிய விஷயம். 9, 10 என்றால் நாணயமே அவ்வளவு சொல்லும்.

முன்னதாக, வேண்டுமென்றே 1 டெசிபெல் வித்தியாசம் வைத்து ஒரு ஒத்திகை பாருங்கள். அதைக்கூடப் பிடிக்க முடியாவிட்டால் ஏற்பாட்டில் கோளாறு. இரண்டு கோப்புகளை ஒப்பிட ஃபூபார்2000 என்ற கணினி பிளேயரில் ஏபிஎக்ஸ் (எது ஓடுகிறது என்று காட்டாமல் ஒப்பிட வைக்கும்) துணைநிரல் இருக்கிறது, தனியாகவே செய்யலாம்.

பரீட்சைப் பதற்றத்தில் நுட்பம் தெரியாமல் போகும் என்கிறார்களே?

பதற்றம் என்றால் ஒரு சுற்றுக்கு ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள், யார் தடுத்தது? நுட்பமான வித்தியாசம் கண்ணை மறைத்தால் மறைந்துவிடும் என்பதும் சரியில்லை. உயர் தெளிவு ஒலியையும் சிடி தரத்தையும் ஒப்பிட்டு 2007இல் மேயரும் மோரனும் வெளியிட்ட சோதனையில் 554 சுற்றில் 276 சரி, பாதிக்குப் பாதி. 2016இல் ஜோஷுவா ரைஸ் பல சோதனைகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது 52.3 சதவீதம் வந்தது. சின்னது, ஆனால் தற்செயல் இல்லை. இவ்வளவு மெல்லிய வித்தியாசமே கண் மறைத்த சோதனையில் தலைகாட்டுகிறது என்றால், ‘திரையை விலக்கியது போல’ இருக்கும் கேபிள் ஏன் ஒளிந்துகொள்ள வேண்டும்?

2007இல் இன்னொன்றும் நடந்தது. 7,250 டாலர் ஸ்பீக்கர் கேபிளைச் சாதாரண நல்ல கேபிளிலிருந்து பிரித்துக் காட்டினால் 10 லட்சம் டாலர் என்று, போலி அதிசயங்களை அம்பலப்படுத்தி வந்த மந்திரவித்தைக்காரர் ஜேம்ஸ் ராண்டி அறிவித்தார். சோதனை கடைசிவரை நடக்கவில்லை.

இதே பணத்தில் உருப்படியாக என்ன செய்யலாம்?

அறையைக் கவனியுங்கள். 12க்கு 10 அடி அறை, டைல்ஸ் தரை, பூச்சுச் சுவர். அந்த அறை 47 ஹெர்ட்ஸிலும் 56 ஹெர்ட்ஸிலும் தானே சேர்ந்து பாடும். உட்காரும் இடத்தைப் பொறுத்து பேஸ் 10 டெசிபெலுக்கு மேல் ஏறி இறங்கும். ஸ்பீக்கர் பின்சுவரிலிருந்து 60 செ.மீ. என்றால் 143 ஹெர்ட்ஸ் அருகே ஒரு பள்ளம் விழும். ஸ்பீக்கரையும் நாற்காலியையும் அரை அடி அரை அடியாக நகர்த்திக் கேட்பதற்குச் செலவே இல்லை. ஆர்ஈடபிள்யூ என்ற இலவச மென்பொருளும் ஒரு அளவீட்டு மைக்கும் இருந்தால் திரையிலேயே பார்க்கலாம்.

அதற்குப் பிறகு ஒலி உறிஞ்சும் பலகை. 2க்கு 4 அடி, 4 அங்குல கனம், கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி ராக்வூல் (பாறைப் பஞ்சு). மரச்சட்டம், மேலே காற்றுப் புகும் பருத்தித் துணி. வெட்டும்போது கையுறையும் முகக்கவசமும் கட்டாயம், இல்லையென்றால் இரண்டு நாள் அரிக்கும். எங்கே மாட்டுவது? நீங்கள் உட்காருங்கள், இன்னொருவர் பக்கச் சுவரோடு ஒரு கண்ணாடியை நகர்த்தட்டும். கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரியும் இடத்தில் ஒரு பலகை. சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி மாட்டினால் கீழ் ஸ்தாயியிலும் கொஞ்சம் உதவும். முட்டை அட்டையும் ஓரங்குல ஸ்பாஞ்சும் மேல் ஒலியை மட்டும் தின்றுவிட்டு பேஸை அப்படியே விட்டுவிடும். அறை இன்னும் மந்தமாகும்.

கண்ணாடிக் குப்பியில் கல், ‘சக்தியூட்டிய’ கடிகாரம், ஃப்ரீசரில் வைத்த சிடி?

அளக்க எதுவும் இல்லை. கடிகாரம் மட்டும் 1990 வாக்கில் அமெரிக்காவில் நிஜமாகவே விற்றது: கடையில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் கடிகாரம், சுவரில் செருகினால் ஸ்டீரியோ மேம்படும் என்று. மணி சரியாகக் காட்டியது.

நண்பர் லட்ச ரூபாய்க்குக் கேபிள் வாங்கிவிட்டார், சந்தோஷமாக இருக்கிறார். என்ன சொல்வது?

கேட்காதவரை ஒன்றும் வேண்டாம். மினுக்கும் கேபிளைப் பார்த்துக்கொண்டு பாட்டு கேட்பதும் ஒரு ரசனை, அவர் காசு. வீட்டுக்குக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னால் ஒரே ஒரு உதவி செய்யுங்கள். மோனோவில் ஒரு பாட்டைப் போடச் சொல்லி நடுவில் உட்காருங்கள். குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நட்டநடுவில் நிற்க வேண்டும். நிற்காமல் பரவிக் கிடந்து, பேஸும் மெலிந்திருந்தால், ஏதோ ஒரு ஸ்பீக்கரில் சிவப்பும் கறுப்பும் மாறியிருக்கிறது. ஆம்பை அணைத்துவிட்டு மாற்றிக் கொடுங்கள். கேபிள் இப்போதுதான் ‘திறந்தது’ என்று அவர் சொன்னால் மறுக்காதீர்கள்.